நான் ஓடவைத்த கடிகாரம்

காணாமல் போன மனிதரின் கடிகாரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். மாட்டுங்காவில் அந்தக் கட்டிடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். போலீஸால் முடியாததை, பழைய சாமான் வாங்கும் ஒரு பங்கார்காரன் முடித்துக் காட்டினான் என்பார்கள்.

பொய். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கடிகாரத்தைச் செய்ததே நான்தான்.

நான் செய்ததற்காக இன்னொருவன் இப்போது ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது... முகம் தெரியாத உங்களிடம் சொல்வதற்கே இப்படி என்றால், அங்கே போய் எப்படிச் சொல்வேன்?

என் பெயர் இசக்கி. தாராவியில் பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் வாங்கி விற்கிறேன். இங்கே அதற்குப் பங்கார் என்று பெயர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நான் அதில் சேரவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் பழைய பேப்பர் கட்டில்தான். அதனால் போன மாதம் நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். இன்று நடப்பது தெரியாது. முகமும் ஒரு பக்கம் நசுங்கிய அலுமினிய டப்பா மாதிரி இருக்கும். நான் வாயைத் திறந்தாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கஷ்டத்தில் பாதி இதனால் வந்தது.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய பாக்கெட் வாட்ச். முழு வாட்ச் இல்லை... முழுசாக வந்தால் அது நேராகச் சேட்டுகள் கைக்குப் போய்விடும். என்னிடம் வருவது கைகால்கள்தான். உடைந்த டயல், நீல முள், பல் போன சக்கரம், ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பதித்த சிவப்புக் கல், முன்காலத்தில் வாட்சுக்குச் சாவி கொடுக்க வைத்திருந்த குட்டிச் சாவிகள், வாட்சே இல்லாத சங்கிலிகள். ஒரு தடவை ஒரு பின்மூடிக்குள் வட்டமாக வெட்டிய பட்டுத்துணி இருந்தது. யாரோ யாருக்கோ ஊசியால் பூ போட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இவை எல்லாவற்றையும் என் மனைவி செல்வியின் பழைய அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கடுகு இருந்த கிண்ணத்தில் திருகாணி. சீரகம் இருந்த கிண்ணத்தில் முள். ஒரு நாள் அவள் பெட்டி மாறி எடுத்துவிட்டாள்.

"இங்க பாருங்க, ரசத்துல என்ன கெடக்குன்னு."

"இரும்புச்சத்துட்டி. டாக்டரே சாப்பிடச் சொல்லுதாரு."

நான் அந்தத் திருகாணியைக் கழுவித் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாட்டுங்காவில் நான் வாடிக்கையாகப் பேப்பர் எடுக்கும் வீடு ஒன்று உண்டு. விசு மாமா, பார்வதி மாமி. பாலக்காட்டுப் பக்கம். மாமா ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சட்டைப் பையில் ஒரு பாக்கெட் வாட்ச் வைத்திருப்பார். நான் தராசைத் தூக்கும்போதெல்லாம், "டைம் என்ன ஆகுது மாமா?" என்று கேட்பேன். நேரத்துக்காக இல்லை. அவர் அதை வெளியே எடுப்பாரே, அதற்காக. வெள்ளை டயல், ரோமன் எண், நடுவிலிருந்து நாலு மணிப் பக்கம் ஓடும் முடி மாதிரி ஒரு விரிசல். மூடியைத் திறந்து பார்த்து, கணீரென்று நேரம் சொல்வார். முள்ளை நான் பார்ப்பதற்குள் மூடிவிடுவார். கையிலும் தரமாட்டார்.

பிறகு மாமாவுக்கு மறதி வந்தது. ஒரு நாள் காப்பிப்பொடி வாங்கப் போனவர் திரும்பவில்லை. வாட்சும் அவரோடு போயிற்று.

அவர்களுடைய மகன் ரமேஷ் செம்பூரில் இருக்கிறார். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோவில் என்று அவர் தேடாத இடமில்லை. மாமி ஜன்னலை விட்டு நகரவில்லை. பேப்பர் எடுக்கப் போனபோது போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அவர் வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"நீ ஊரெல்லாம் சுத்தறவன் இசக்கி. இந்த மொகத்த எங்கயாவது பாத்தா சொல்லு."

போட்டோவை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எதை? அவர் முகத்தையா? இல்லை. வாட்சை.

அங்கேயே ஆரம்பித்துவிட்டது என் பாவம். ஒரு மனிதர் தொலைந்து போயிருக்கிறார். நான் அவர் கையில் இருந்த டயலில் விரிசல் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதே கம்பெனி வாட்ச்கள் என்னிடம் நாலைந்து பிணமாகக் கிடந்தன. அப்படிக் கிடந்தால்தான் ஒன்றுக்கு உயிர் வரும். ஒன்றின் சக்கரம் இன்னொன்றின் பல்லில் உட்காரும். செல்வி வேலைக்குப் போன மத்தியானங்களில் உட்கார்ந்தேன். விரிசல் இல்லாத டயலைப் பின்பக்கமாக மெல்ல அழுத்தி விரிசல் விழவைத்தேன். அது புதிதாகத் தெரிந்தது. டீ டிகாக்ஷனைத் தொட்டுத் தடவினேன், பழசாகிவிட்டது. பின்மூடியில் மாமா நேரம் பார்க்கும்போதெல்லாம் என் பக்கம் தெரியும் அதே இரண்டு ஆங்கில எழுத்தை ஊசியால் கீறினேன். கடைசியில் பேலன்ஸ் சக்கரத்தை வைத்தேன். அது தானாக ஆட ஆரம்பித்தது...

எதற்காகச் செய்தாய் என்று கேட்கிறீர்களா? மாமியின் மனசு ஆறட்டும் என்று. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கையில் ஏதோ ஒன்று இருக்கும், ஜன்னலை விட்டு எழுந்து ஒரு வாய் சாப்பிடுவாள் என்று. ஆனால் அது மட்டும்தானா? என்னால் முடியுமா என்று பார்க்க ஆசை. முடிந்த பிறகு யாரிடமாவது காட்ட ஆசை. யாரிடமும் காட்ட முடியாத ஒன்றைச் செய்துவிட்டு, அதை அடையாளம் தெரிந்த ஒரே ஆளிடம், பழைய சாமானில் கிடைத்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமி இரண்டு கையாலும் வாங்கினாள். விரிசலைத் தடவினாள். எழுத்தைத் தடவினாள். பிறகு காதில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"இது ஓடறதேடா."

"ஆமா மாமி. நல்ல வாட்சு, ஓடத்தான செய்யும்."

"இது ஓடி எத்தனையோ காலம் ஆச்சுடா. நின்னு போன வாட்ச வச்சுண்டு எதுத்தாத்துச் சொவர்க் கடியாரத்தப் பாத்துதான் எல்லாருக்கும் டைம் சொல்வார். ரிப்பேர் பண்ணுங்கோன்னு நான் எத்தன தடவ சொல்லிருப்பேன்."

இத்தனை வருஷம் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன நேரமெல்லாம் எதிர்வீட்டு நேரம். ஊரையே ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த என்னை அந்த மனிதர் ஏமாற்றியிருக்கிறார்.

மாமி அழவில்லை. சிரித்தாள். அதுதான் பயங்கரம்.

"அவர்தான் ரிப்பேருக்குக் குடுத்திருக்கார். எங்கயோ நன்னா இருக்கார். நெனவு வந்துடுத்து அவருக்கு. நேக்குத் தெரியும்டா இசக்கி."

நான் கொண்டுபோனது ஆறுதல் என்று நினைத்தேன். அவள் வாங்கிக்கொண்டது நம்பிக்கை. சாவி கொடுத்து ஓடவிட்ட நம்பிக்கை.

ரமேஷ் உடனே செம்பூரிலிருந்து வந்தார். அவர் சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க கெடச்சது?"

இங்கேதான் நீங்கள் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சாமான் எங்கே கிடைத்தது என்று கேட்டால் நாங்கள் தெரியாது என்று சொல்லமாட்டோம். தெரியாது என்றால் திருட்டுச் சாமான் என்று அர்த்தம். எனக்கு முந்தின கையின் பெயரைச் சொல்வேன். அவன் அவனுக்கு முந்தின கையைச் சொல்வான். இரண்டு மூன்று கை தாண்டினால் கேட்பவனுக்கே சலித்துவிடும். இதில் துரோகம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு முறை உண்டு... பெயரைச் சொன்ன கையோடு அந்த ஆளுக்குப் போன் போட வேண்டும். "உன் பேரச் சொல்லிருக்கேன்லே, நீ பின்னால தள்ளிரு" என்று சொல்லிவிட வேண்டும். எத்தனையோ தடவை எனக்கு அப்படிப் போன் வந்திருக்கிறது. நானும் போட்டிருக்கிறேன்.

"தேவ்நார்ல மாரியப்பன்னு ஒருத்தன் சார். அவன்கிட்டதான் வாங்கினேன்" என்றேன். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

போன் மட்டும் போடவில்லை.

ஏன்? அன்று அந்தக் கட்டிடமே என்னைச் சுற்றி நின்றது. ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் சிரிக்காமல் என் பேச்சைக் கேட்டார்கள். மாரிக்குப் போன் போட்டால், எந்த வாட்ச் என்று கேட்பான். அவனிடமும் பொய் சொல்ல வேண்டும், இல்லை உண்மை சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று காப்பியைக் குடித்தேன்.

ரமேஷுக்குச் சலிக்கவில்லை. அவருக்கு அது அப்பா. யாரோ அப்பாவை அடித்துப் போட்டுவிட்டு வாட்சைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அவர் போலீஸுக்குப் போனார்.

மாரியப்பன் என் கூட்டாளி. தேவ்நாரில் குப்பை பொறுக்கிப் பிரிப்பவன். சக்கரமோ முள்ளோ கிடைத்தால் தீப்பெட்டியில் போட்டு எனக்காக எடுத்து வைப்பான். "ஒனக்கு ஒரு பல்லு கெடச்சிருக்குலே" என்பான். அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். பார்த்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறான். உண்மையைச் சொன்னவனுக்குத் தள்ளிவிடப் பின்னால் ஒரு கை இல்லை.

ஒரு கான்ஸ்டபிள் என் கடைக்கு வந்தார். அவன்கிட்டதான வாங்கினே என்று இந்தியில் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தேன்...

"ஹான் சாப்." ஆமாம் என்றுதான் வந்தது.

அன்று சாயங்காலம் மாரி வந்தான். ஒரு காலைச் சாய்த்து நடந்தான். அடித்தார்களா என்று கேட்டேன். உட்கார்ந்தே இருந்து மரத்துவிட்டது என்றான். சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"இசக்கி, எனக்கு ஒண்ணும் புடிபட மாட்டேங்குது. நெதம் எத்தனயோ சாமான் கைல வருது. நான்தான் மறந்துட்டனா? அந்த வாட்ச நான் ஒனக்குத் தந்தேனாலே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகமே இல்லாத பார்வை. அவனுக்கு அவன் மேல்தான் சந்தேகம்.

"தந்தேலே" என்றேன்.

இதுதான் நான் மறைத்தது. வாட்ச் செய்ததை மன்னித்துவிடலாம். பெயர் சொன்னதைக்கூடப் பழக்கம் என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு வார்த்தையை என்ன சொல்வீர்கள்? அவன் தலையை ஆட்டினான். "அப்ப தந்திருப்பேன்" என்றான். என்னைவிட அவனுக்கு நிம்மதி. மறுநாள் போய், "குடுத்தேன் சாப், மறந்துட்டேன்" என்று அவனே சொல்லிவிட்டான்.

முதலில் பார்த்ததே இல்லை என்றவன் பிறகு கொடுத்தேன் என்றால் போலீஸ் என்ன நினைக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறார்கள். காலையில் போவான், சாயங்காலம் வருவான். வேலை போயிற்று. நான் அவன் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போனேன். அவன் மனைவி பேச்சி என்னைக் கும்பிட்டாள். ஒரு மனிதன் எவ்வளவு கீழே போகலாம் என்பதற்கு அளவு உண்டா? கும்பிட்டவளைப் பார்த்து நான் ஒரு ஜோக் அடித்தேன். அவள் சிரித்தாள்.

ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நம்புங்கள், சொல்லிப் பார்த்தேன். தினமும் காலையில் நான் மாமி வீட்டுக்குப் போய் வாட்சுக்குச் சாவி கொடுக்க வேண்டும். வாட்ச் நின்றால் அவர் நின்றுவிடுவார் என்று மாமிக்குப் பயம். தானே சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடுமாம். போலீஸ்கூட போட்டோ எடுத்துக்கொண்டு வாட்சை அவளிடமே விட்டுவிட்டுப் போயிற்று. அவள் விரல் அதை விடவில்லை. சாவி கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"மாமி, இது மாமாவோடது இல்ல. நான் செஞ்சது."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் வெளையாட்டுதான் இசக்கி. நீ செஞ்சியோ? தராசையே நேரா புடிக்கத் தெரியாது ஒனக்கு."

நானும் சிரித்தேன். என்னைப் பாருங்கள்... உள்ளுக்குள் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? சொல்லியாகிவிட்டது, அவள்தான் நம்பவில்லை. படியிறங்கி வரும்போது விசில்கூட அடித்தேன். கீழே வந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. டயலைக் கழற்றினால், அதன் பின்பக்கம் ஊசியால் கீறிய ஒரு 'இ' இருக்கும். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் எல்லோரும் தங்கள் அடையாளத்தை உள்ளே கீறி வைப்பார்கள். பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்து நானும் கீறினேன். யாராவது திறந்தால் மாரி வெளியே வருவான், நான் உள்ளே போவேன். சாவி கொடுக்கும்போதெல்லாம் அந்த எழுத்து என் விரலுக்குக் கீழே இருக்கிறது. திறந்து காட்ட அரை நிமிஷம் போதும். என் கை திருகாணியைத் தொடாது. சாவியைத்தான் திருகும்.

யாராவது திறந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். யாரும் திறந்துவிடக்கூடாது என்றும் அதே சாமியிடம்தான்.

எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்பீர்கள். அடிக்கா? ஆமாம், அடிக்கும்தான். ஜெயிலுக்கா? ஆமாம். செல்வி என்ன நினைப்பாள் என்பதற்கா? அதற்கும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட, மாமி அதைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைக்கும் அந்த நேரத்துக்கு. நான் அங்கே இருக்க வேண்டியிருக்கும். அவள் இரண்டாம்தடவை அவரை இழப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்... அதற்காக மாரி இருக்கட்டும் என்கிறேனா? அப்படியா நினைக்கிறேன்? பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள், எனக்கு நானே வக்கீல் வைக்கிறேன்.

நேற்று மாரி வீடு திரும்பவில்லை. காலையில் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. பேச்சியின் நம்பர். திரும்பத் திரும்ப வந்தது. போனைத் துணிக்கு அடியில் வைத்தேன். எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்தால் இதை அப்படியே கொண்டுபோய் அந்தக் கான்ஸ்டபிளிடம் நீட்டிவிடலாம். அவருக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தவர் யாரையாவது படிக்கச் சொல்லுவார். படிப்பவன் சிரிக்காமல் படித்தால்...

"இசக்கி அண்ணே. உள்ள இருக்கீயளா?"

வாசலில் பேச்சி. தேவ்நாரிலிருந்து வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொல்கிறாள் செல்வி. அவள் வரவில்லை, வாசலிலேயே நின்று பேசுகிறாள்.

"எங்கன போட்டன்னு கேக்காவளாம் அண்ணே. அந்தப் பெரியவர எங்கன போட்டன்னு. குப்ப மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டச் சொல்லிருக்காவ. இவுக காட்டுதேன்னு ஒத்துக்கிட்டாவளாம்."

"காட்டுதேன்னா சொன்னான்?"

"என்னத்தக் காட்டப் போறாக? கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லுதாகண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா போலீஸ்காரவ நம்புவாவ. ஒங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

"போயிட்டு வாங்க, பாவம்" என்கிறாள் செல்வி. சட்டையை எடுத்து என் தோளில் போடுகிறாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொத்தான் ஓட்டை கைக்கு அகப்படவில்லை. தேவ்நார் வரைக்கும் ஆட்டோவில் அவள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். சயான் தாண்டுவதற்குள் அவளிடம் சொல்லிவிட்டால்... இல்லை, இறங்கிய பிறகு... அந்தக் கான்ஸ்டபிள் முன்னால் நின்று...

பேச்சி ஒரு தூக்குப்பாத்திரத்தை என்னிடம் நீட்டுகிறாள். இன்னும் சூடாக இருக்கிறது.

"என்னய உள்ள விடமாட்டாவ. நீங்களே அவுக கைல குடுத்துருங்கண்ணே."

வாங்கிக்கொண்டேன்.